ஆன்டிவைரஸோட எடை எங்கே போச்சு?

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். அப்பாவோட பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி கிடையாது, சுத்துற ஹார்ட் டிஸ்க்தான். பென்ஷன் கணக்கு, ஃபிக்சட் டெபாசிட் எல்லாத்தையும் அப்பா அதுலதான் பார்க்கிறார். "ரொம்ப லைட்டா ஒரு ஆன்டிவைரஸ் சொல்லுங்க, போதும்"னு கேட்டிருந்தாங்க. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த 'லைட்'டைப் பத்திக் கொஞ்சம் பேசணும். ஏன்னா கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துல ஆன்டிவைரஸோட எடை குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை. இடம்தான் மாறியிருக்கு.

கதை லாகூரில் ஆரம்பிக்கிறது. 1986இல் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்'தான் ஐபிஎம் பிசிகளில் பரவிய முதல் வைரஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குள்ளேயே தங்கள் கடை முகவரியையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள். இன்னைக்கு எந்தத் திருடனாவது விசிட்டிங் கார்டு வெச்சுட்டுப் போவானா? பிரெய்ன் ஃபிளாப்பியின் பூட் செக்டாரில், அதாவது டிஸ்க்கின் முதல் துண்டில், போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாப்பி மெதுவாகும். பெரும்பாலும் அதோடு சரி.

அடுத்து நாம போக வேண்டிய இடம் அமெரிக்கா இல்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியா. அங்கே 'வியன்னா' என்று ஒரு வைரஸ் வந்து சேர்ந்தது. அதன் அளவு 648 பைட். நீங்க தமிழ்ல டைப் பண்ற ஏழெட்டு வரி வாட்ஸ்அப் மெசேஜ் அதை விடப் பெரிசு. பிராகில் பாவெல் பவுடிஷ் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்துப் பார்த்து, நீக்குவதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். 1988இல் எட்வார்ட் குச்சேராவோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் பின்னாளில் 'அவாஸ்ட்' ஆனது.

அதே நாட்டில் பீட்டர் பாஷ்கோ, மிரோஸ்லாவ் த்ர்ன்கா என்ற இரண்டு நண்பர்கள் 1987இல் எழுதியது 'நாட்'. இந்தப் பேரோட பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்தில் அங்கே எல்லா வீட்டிலும் பார்த்த ஒரு டிவி சீரியல், பெயர் 'நகரத்தின் ஓரத்தில் ஒரு மருத்துவமனை'. அதைக் கிண்டலாக மாற்றி, 'டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு மருத்துவமனை' என்று வைத்தார்கள். அந்தப் பெயரின் முக்கியச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் நாட். ஆட்சி மாறிய பிறகு, 1992இல், அவர்கள் ஆரம்பித்த கம்பெனி 'ஈசெட்'.

அப்போது லைட்டாக எழுதுவது ஒரு சாய்ஸே இல்லை. டாஸ் புரோகிராம்களுக்குக் கிடைத்த மெமரியே 640 கேபி. ஆன்டிவைரஸ் அதில் கால் நீட்டி உட்கார்ந்தால் வேறு எதுவும் ஓடாது. அதனால் அசெம்பிளி மொழியில், பைட் பைட்டாக எண்ணி எழுதினார்கள். நம்ம சென்னையிலும் 1991இலேயே கேசவர்தனன் ஆரம்பித்த கே7 கம்ப்யூட்டிங் இருந்தது. பின்னாளில் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் விற்ற 'வைரஸ் செக்யூரிட்டி'க்குள் ஓடியது கே7 இன்ஜின்தான். டோக்கியோ வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சென்னை காவல்!

அப்புறம் எப்படி வெயிட் போட்டுச்சு? ஆன்டிவைரஸின் அடிப்படை வேலை அடையாள அணிவகுப்பு மாதிரி. ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு பைட் அடையாளம், அதுதான் சிக்னேச்சர். நீங்க ஒரு ஃபைலைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அது குறுக்கே வந்து, தன்னிடம் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடும். பட்டியலில் சில டஜன் பேர் இருந்தவரை பிரச்சினை இல்லை. இன்டர்நெட் வந்த பிறகு அது லட்சங்களுக்குப் போனது. கூடவே ஃபயர்வால், ஸ்பேம் ஃபில்டர், டூல்பார் என்று கம்பெனிகளும் மூட்டை மேல் மூட்டை ஏற்றின. 256 எம்பி ரேமில் எக்ஸ்பி ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவைச் செருகி, ஸ்கேன் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்த தலைமுறை அது.

2009இல் காற்று திரும்பியது. நார்ட்டன் தன் புதிய பதிப்பை வேகத்தைச் சொல்லியே விற்றது. பாண்டா அதே வருஷம் கிளவுட் ஆன்டிவைரஸ் கொண்டு வந்தது. பெரிய பட்டியலை உங்க மெஷினில் வைக்க வேண்டாம். ஃபைலின் கைரேகையை மட்டும் சர்வருக்கு அனுப்பிக் கேட்டால் போதும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லலை. ஆனால் கவனிச்சீங்களா? ரேமில் இருந்த சுமை இப்போ சர்வருக்குப் போயிடுச்சு. பதிலுக்கு உங்க கம்ப்யூட்டரில் என்ன இருக்குங்கிற தகவலும் கூடவே கிளம்பிப் போக ஆரம்பிச்சுது.

இங்கேதான் பழைய நண்பர் அவாஸ்ட் திரும்ப வருகிறார். 2001இல் வீட்டுப் பயனர்களுக்கு இலவசமாகக் கொடுத்து உலகம் முழுக்கப் பரவிய மென்பொருள் அது. லைட்டான ஃப்ரீ ஆன்டிவைரஸ்னு கேட்டால் நண்பர்கள் வட்டத்தில் முதலில் வந்து விழுந்த பெயர்களில் ஒன்று. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் ஒரு விஷயத்தை வெளியிட்டன: அவாஸ்ட் தன் பயனர்களின் பிரவுசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது. சில நாட்களிலேயே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. பிரவுசிங் தகவலை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. வியன்னாவின் 648 பைட்டைப் பிரித்துப் பார்த்த அந்த மனிதரின் புரோகிராமில் ஆரம்பித்த கம்பெனி இது. எனக்கு இதைப் படிச்சப்போ கோபத்தை விட வருத்தம்தான் அதிகம்.

சரி, அந்த லேப்டாப்புக்கு வருவோம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. என் பதில் அதுதான், தனியா எதுவும் வாங்க வேண்டாம். அது இறகு மாதிரி லைட்டா இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஃபுல் ஸ்கேன் ஓடும்போது அந்த ஹார்ட் டிஸ்க் முனகும். அப்பா மதியம் தூங்கும் நேரத்துக்கு ஸ்கேனை மாற்றி வையுங்கள். லேப்டாப்போடு வந்து காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸ் இருந்தால் முதல் வேலையாகத் தூக்குங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கலாம். சந்தா கட்ட நினைத்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் அங்கேதான் இருக்கு.

அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை உலகையே முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்பாவோட மெஷின் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால ஆன்டிவைரஸ் தேடுறதுக்கு முன்னாடி செட்டிங்ஸைத் திறந்து, எந்த விண்டோஸ்னு பாருங்க. பார்த்துட்டு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க.