பச்சைநாயகி என்னும் திருப்பெயர்

சில ஆண்டுகட்கு முன், நம் போத்தனூரில் ஓர் அன்பர் இல்லத்துப் பெயர்சூட்டு விழாவிற்கு அடியேன் சென்றிருந்தேன். குழந்தையின் பாட்டனார், மறைந்த தம் துணைவியாரின் பெயராகிய பச்சைநாயகி என்பதனையே இடவேண்டும் என்றார். குழந்தையின் தாயோ, "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பேசுவார்களே, மாமா" என்று கண்கலங்கினாள். இருவரும் அடியேன் முகத்தை நோக்கினர். அன்று கூறியதையே இன்றும் கூறுகின்றேன்.

பச்சைநாயகி என்பது பேரூர்ப் பட்டிப்பெருமானின் தேவியார் திருநாமம். மரகதவல்லி என்பதும் அவளே. பச்சை என்றவுடன் மரகதமணியின் நிறத்தை நினைக்கின்றோம். அது தக்கதே. ஆயினும், ஆனித் திங்களில் பேரூரில் நிகழும் நாற்று நடவு விழாவைக் கண்டவர்க்கு வேறொரு பச்சையும் புலப்படும். சுந்தரமூர்த்தி நாயனார் பொருள் வேண்டி வருவதை அறிந்த இறைவன், தன் தோழரோடு சற்றே விளையாடக் கருதி, உழவன் உருக்கொண்டு வயலில் இறங்கினான். அம்மையும் உழத்தியாய் உடன் இறங்கினாள். உலகீன்ற தாய் முழங்காற் சேற்றில் குனிந்து நாற்று நட்டாள் என்றால், அந்த நாற்றின் பச்சையன்றோ அவள் பச்சை! நாயனார் வயலுக்கே சென்று இருவரையும் கண்டுகொண்டார். பேரூரைத் தில்லைப் பதிகத்தில் நினைந்து பாடியவரும் அவரே. 18-ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இத்தலத்திற்குப் பேரூர்ப் புராணம் அருளினார்.

நொய்யற்கரை ஊர்களில் பச்சைநாயகி, பச்சையம்மாள், மரகதம் என்னும் பெயருடைய பாட்டிமார் பலர் இருந்தனர். கோவைப் பட்சிராசா நிறுவனத்தார் 1959-இல் எடுத்த திரைப்படத்திற்கும் மரகதம் என்றே பெயர். (அடியேன் படம் பார்ப்பவனல்லன், பெயர் மட்டும் அறிவேன்.) மணியின் பெயர் திரைக்கு ஏறிற்று, நாற்றின் பெயரோ நாட்டுப்புறத்ததென்று ஒதுங்கிற்று. மகன் வயிற்று மகளைப் பெயர்த்தி என்பது, பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்னும் பொருள்பற்றியே. பெயரை விட்டுவிட்டுப் பெயர்த்தி என்றழைப்பதில் என்ன பொருள்? இவ்வாறு பேசும் அடியேனும் என் பெயர்த்திக்கு அப்பெயரை இடும்படி வற்புறுத்தினேனல்லேன். அக்குறையை மறைப்பானேன்?

அன்று அவ்வில்லத்தில் நெடுநேரம் பேச்சு நடந்தது. முடிவில் பள்ளிப் பதிவேட்டுக்கு மரகதவல்லி என்று உடன்பட்டனர். சென்ற ஆனியில் நாற்று நடவு காணப் பாட்டனார் தோளில் அமர்ந்து வந்திருந்தாள் அக்குழந்தை. "பச்சை, அங்கே பார், உன் அம்மன்" என்று அவள் தாயே காட்டிக்கொண்டிருந்தாள்.