பனையேறி என்னும் மீன்

பெருமழை ஓய்ந்த காலையில், வாய்க்காலை விட்டு வெளியேறிப் புல்லின்மேல் உந்தி உந்திச் செல்லும் சிறு மீனை நம்மில் பலர் பார்த்திருப்போம். மலாய் மொழியில் அது 'புயு'. தமிழகத்தில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயர். மீன் பனை ஏறுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சோழ நாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர் வசம் இருந்தது. அங்கே டால்டார்ப் என்றொரு படை அதிகாரி இருந்தார். 1791 நவம்பரில், குளக்கரைப் பனை ஒன்றில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இம்மீனைக் கண்டதாக அவர் எழுதினார். மரப்பிளவின் ஈரத்தில், செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலை வளைத்து, இன்னும் மேலே ஏற முயன்றதாம்! 1797இல் இச்செய்தி லண்டனில் அச்சானது. அவர் மீனுக்கு இட்ட பெயரில் 'ஸ்காண்டென்ஸ்' என்ற லத்தீன் சொல் உண்டு. 'ஏறுவது' என்பது பொருள்.

1816இல் குளோக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட 'அனபாஸ்' என்ற பெயரும், ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. இன்றைய அறிவியல் பெயர் 'அனபாஸ் டெஸ்டூடினியஸ்'. பின்பகுதிக்கு 'ஆமை போன்றது' என்று பொருள். பெர்லின் நகரத்துப் புளோக் அதை 1792இலேயே வைத்துவிட்டார். முந்திய பெயரே நிற்கும் என்பது விதி. ஆகவே டால்டார்ப்பின் பெயர் நிற்கவில்லை.

அப்படியானால் மீன் மரம் ஏறுகிறதா? வழக்கமாக இல்லை. காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரத்தில் போட்டிருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதினர். மற்ற மீனாக இருந்தால் விரைவில் செத்திருக்கும். இதற்கோ தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. உடல் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிர் தரிக்கும். குளம் வற்றினால் செவுள் முள்ளை ஊன்றி வேறு நீர் தேடிப் போகும். மேலே வந்து காற்றைக் குடிக்க விடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். மீன்கூட மூழ்கிச் சாகும் என்றால் யார் நம்புவார்கள்!

பனையேறி என்பது பதநீரும் கள்ளும் இறக்கும் தொழிலாளியின் பெயருமாகும். சிலர் அச்சொல்லை இளக்காரமாகச் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். மார்பையும் காலையும் பனையில் அணைத்து ஏறும் மனிதரை நாள்தோறும் பார்த்தவர்களே, முள்ளை ஊன்றி நகரும் மீனுக்கும் அப்பெயரைச் சூட்டியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். டால்டார்ப், புளோக், குளோக்கே ஆகியோரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. முதலில் 'பனையேறி' என்றழைத்த குளக்கரைக்காரரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.