ஜோஹன்னஸ்பர்க்: 14 மஞ்சள், 1 சிவப்பு

நெதர்லாந்து அணி உலகக் கோப்பை கால்பந்தின் இறுதி ஆட்டத்தை மூன்று முறை ஆடியிருக்கிறது; மூன்று முறையும் தோற்றிருக்கிறது. முதல் இரண்டு தோல்விகளின்போது உலகின் பாதி அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர்களோடு சேர்ந்து கலங்கியது. மூன்றாவது தோல்வியின்போது கலங்கியவர்கள் குறைவு. என்னைப் போன்ற சில பிடிவாதக்காரர்கள் மட்டும் இன்னமும் அந்த இரவைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் அந்த மூன்றாவது இரவு.

2010 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில், சொவெட்டோவை ஒட்டிய சாக்கர் சிட்டி அரங்கம். 27 ஆண்டு சிறைவாசம் முடிந்து 1990இல் வெளியே வந்த நெல்சன் மண்டேலா, விடுதலையான சில நாட்களில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய அதே இடம். இருபது ஆண்டுகள் கழித்து, 91 வயதில், சிறிய வண்டியில் அமர்ந்து மைதானத்தைச் சுற்றி வந்து கையசைத்தார். போட்டி தொடங்குவதற்கு முந்தைய இரவில்தான் அவருடைய கொள்ளுப்பேத்தி கார் விபத்தில் இறந்திருந்தாள். அதனால் தொடக்க விழாவுக்கு வராதவர், இறுதி நாளில் வந்தார். அரங்கில் 84,490 பேர். வுவுசேலா ஊதலின் இரைச்சல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நமக்கு அப்போது சரியாக நள்ளிரவு 12 மணி.

அந்த இரவைப் புரிந்துகொள்ள 1974க்குப் போய்வர வேண்டும். மியூனிக் இறுதி ஆட்டத்தில் யோஹான் கிராய்ஃப் தலைமையிலான நெதர்லாந்து அணி ஆட்டத்தைத் தொடங்கி, தங்களுக்குள்ளேயே பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர்கூடப் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு பெனால்டியை வாங்கி கோல் அடித்தது. பெனால்டியைக் கொடுத்தவர் ஜாக் டெய்லர் என்ற ஆங்கிலேய நடுவர். கடைசியில் ஜெர்மனி 2-1 என்று வென்றது. ஆனாலும் யார் எந்த இடத்திலும் ஆடலாம், எல்லோரும் தாக்கலாம், எல்லோரும் தடுக்கலாம் என்ற அந்த ஆட்டமுறை உலகத்தை மயக்கிவிட்டது. 1978இல் பியூனஸ் அயர்ஸில் அர்ஜென்டினாவிடம் கூடுதல் நேரத்தில் 3-1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் 90ஆவது நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் உள்ளே போயிருந்தால் கோப்பை அவர்களுடையது. அழகாக ஆடித் தோற்றவர்கள் என்ற பெயர் அன்றிலிருந்து நெதர்லாந்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் 2010 அணிக்குப் பெருமையாக இல்லை, பாரமாக இருந்தது. பயிற்சியாளர் பெர்ட் வான் மார்வைக் தன் வீரர்களுக்குச் சொல்லிவந்த செய்தி எளிமையானது: வெல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டங்கள், எட்டும் வெற்றி. தென்னாப்பிரிக்காவில் ஆறு ஆட்டங்கள், ஆறும் வெற்றி. காலிறுதியில் பிரேசில் முதலில் கோல் அடித்தும் கலங்காமல் 2-1 என்று வீழ்த்தினார்கள். முன்னால் ஸ்னைடர், ராபன், வான் பெர்சி, கைட் என்று நான்கு திறமைசாலிகள். அவர்களுக்குப் பின்னால் காவலுக்கு மார்க் வான் பொம்மல், நைஜல் டி யோங் என்று இரண்டு முரடர்கள். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் டி யோங்கின் மோதலில் ஸ்டூவர்ட் ஹோல்டனுக்குக் கால் முறிந்திருந்தது. இறுதி ஆட்டத்துக்கு வரும் முன்பே உலகம் இதையெல்லாம் அறிந்திருந்தது.

எதிரே ஸ்பெயின். விசென்டே டெல் போஸ்கேயின் அணியில் தொடக்கப் பதினொருவரில் ஆறு பேர் பார்சிலோனா கிளப்பில் ஆடியவர்கள். ஏழாமவர் டேவிட் வில்லா அப்போதுதான் அங்கே ஒப்பந்தமாகியிருந்தார். கைத்தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடுவதுபோல ஷாபி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் ஆகியோரின் கால்களுக்கிடையே பந்து ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணி அதைப் பார்த்தே களைத்துப்போகும். இந்த முறையை பார்சிலோனாவில் வேரூன்றச் செய்தவர் யார் தெரியுமா? 1988 முதல் 1996 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த அதே கிராய்ஃப். நெதர்லாந்தின் சொத்து ஸ்பெயின் வழியாகத் திரும்பி வந்து நெதர்லாந்தின் எதிரில் நின்றது. தான் டச்சுக்காரன்தான், ஆனால் ஸ்பெயின் ஆடும் கால்பந்தின் பக்கம் நிற்கிறேன் என்று கிராய்ஃப் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிட்டார்.

நடுவர் ஹோவர்ட் வெப். சவுத் யார்க்‌ஷர் காவல்துறையில் சார்ஜென்ட்டாக இருந்தவர், 38 வயது. டெய்லருக்குப் பிறகு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திய முதல் ஆங்கிலேயர். அதே ஆண்டு மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தையும் நடத்தியிருந்தார். ஸ்னைடர், ராபன், வான் பொம்மல் மூவரும் அதில் ஆடியவர்கள்தான். இந்த உலகக் கோப்பையில் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றபோதும் விசில் இவர் கையில்தான் இருந்தது. ஆக, இரு தரப்பையும் அறிந்தவர்.

ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் ஸ்பெயினின் ராமோஸ் தலையால் முட்டிய பந்தை நெதர்லாந்து கோல்கீப்பர் ஸ்டெகலென்பர்க் பாய்ந்து தடுத்தார். ஸ்பெயின் விரைவில் கோல் அடித்துவிடும் என்று தோன்றியது. அதன்பின் நெதர்லாந்து தன் வேலையைத் தொடங்கியது. பந்து ஓடும்போதெல்லாம் யாராவது ஒருவர் காலை நீட்டினார், தள்ளினார், மிதித்தார். 15ஆவது நிமிடத்தில் வான் பெர்சிக்கு மஞ்சள் அட்டை. 16இல் ஸ்பெயினின் புயோல். 22இல் வான் பொம்மல், இனியெஸ்டாவின் பின்னாலிருந்து வந்து காலை வாரியதற்காக. 23இல் ராமோஸ். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, 1986 இறுதி ஆட்டத்தின் அட்டைக் கணக்கை நெருங்கிவிட்டார்கள். ஒரு முழு இறுதி ஆட்டத்தில் அதுவரை ஆறு மஞ்சள் அட்டைகள்தான் உச்சம்.

28ஆவது நிமிடம். மேலிருந்து இறங்கிய பந்தை ஷாபி அலோன்சோ தலையால் எடுக்க முன்னால் வந்தார். டி யோங் காலை உயர்த்தினார். பூட்ஸின் அடிப்பாகம் அலோன்சோவின் நெஞ்சில் நேராகப் பதிந்தது. அவர் சுருண்டு விழுந்தார். இந்தியாவில் தொலைக்காட்சி முன் இருந்தவர்களுக்கே நெஞ்சு வலித்திருக்கும். வெப் எடுத்தது மஞ்சள் அட்டை. தனக்கும் அந்த மோதலுக்கும் நடுவில் இன்னொரு வீரர் வந்துவிட்டதால் பார்வை மறைந்தது, அது சிவப்பு அட்டைதான் என்று அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். டி யோங் மீதி ஆட்டத்திலும் தொடர்ந்தார். கூடுதல் நேரத்தில்தான் பயிற்சியாளர் அவரை மாற்றினார். இடைவேளைக்கு முன்பு ஸ்னைடரின் பூட்ஸ் புஸ்கெட்ஸின் முழங்காலில் இறங்கியதற்கு அட்டையே இல்லை.

என் அணி இது என்று சொல்லக் கூசிய நேரம் அதுதான். நெதர்லாந்து ரசிகன் என்ற முறையில் எழுதுகிறேன்: அந்த முதல் பாதிக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஸ்பெயினின் பாஸ் ஓட்டத்தை அறுக்க வேறு வழி இல்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. ஸ்விட்சர்லாந்து அடியோ உதையோ பெரிதாக இல்லாமல் பொறுமையாகத் தடுத்தே ஸ்பெயினை வென்று காட்டியிருந்தது. அதைச் செய்ய ஸ்விட்சர்லாந்தைவிடப் பல மடங்கு திறமை நெதர்லாந்திடம் இருந்தது.

அதே பாதியில் இன்னொன்றும் நடந்தது; அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒரு வீரர் காயப்பட்டதால் பந்து வெளியே அனுப்பப்பட்டது. மரியாதைக்காக ஒரு நெதர்லாந்து வீரர் பந்தை ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸிடம் தூக்கி அடித்தார். ஜபுலானி என்ற அந்த ஆண்டின் பந்து, துள்ளல் கணிக்க முடியாதது என்று எல்லா கோல்கீப்பர்களும் குறைபட்டுக்கொண்ட பந்து, தரையில் பட்டு எகிறி கோலுக்குள்ளேயே போகப் பார்த்தது. கசியாஸ் பதறி விரலால் தட்ட, அது கார்னர் ஆனது. நெதர்லாந்து அந்தக் கார்னரைப் பயன்படுத்தவில்லை. வான் பெர்சி பந்தை மெல்ல உருட்டி கசியாஸிடமே திருப்பித் தந்தார். உலகக் கோப்பை இறுதியில், 0-0 நிலையில், கிடைத்த கார்னரைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். இப்படியும் ஆடத் தெரிந்தவர்கள் என்பதால்தான் மற்றதெல்லாம் அவ்வளவு உறுத்துகிறது.

இரண்டாம் பாதியில் ஆட்டம் திறந்தது. 62ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் இரு தடுப்பாளர்களுக்கு நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு பாஸ் கொடுத்தார். ராபன் தனியே ஓடினார். எதிரே கசியாஸ் மட்டும். கசியாஸ் ஒரு பக்கம் விழுந்துவிட்டார், பந்து அவர் நீட்டிய காலின் நுனியில் பட்டு வெளியே போனது. கோப்பை அங்கேயே இருந்தது, அங்கேயே போயிற்று. நெதர்லாந்தின் தோல்விக்கு ஒரே ஒரு கணத்தைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதை. நடுவரின் எந்தத் தீர்ப்பையும் அல்ல.

83ஆவது நிமிடத்தில் மீண்டும் ராபன். புயோல் அவரைக் கையால் பிடித்து இழுக்கிறார். லேசாகத் தொட்டாலே விழுபவர் என்று பெயர் வாங்கிய ராபன் அன்று விழவில்லை. நின்று ஓடி பந்தைத் துரத்தினார். அதற்குள் கசியாஸ் பாய்ந்து எடுத்துவிட்டார். ஃபவுல் தரப்படவில்லை. கத்திக்கொண்டு வெப்பிடம் ஓடிய ராபனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. விழுந்திருந்தால் புயோலுக்கு இரண்டாவது மஞ்சள் வந்திருக்கலாம், ஸ்பெயின் பத்துப் பேராகியிருக்கலாம். நேர்மையாக நின்றவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஸ்பெயின் வீரர்களும் வெள்ளைத் துணி அல்ல. பந்தே இல்லாத இடத்தில் இனியெஸ்டா வான் பொம்மலை இடித்துத் தள்ளியதற்கு அட்டை வரவில்லை.

கூடுதல் நேரத்தில்தான் முதல் பாதியின் கணக்கு தீர்க்கப்பட்டது. 57ஆவது நிமிடத்திலேயே ஒரு மஞ்சள் வாங்கியிருந்த தடுப்பாளர் ஹைடிங்கா, 109ஆவது நிமிடத்தில் கோலை நோக்கி ஓடிய இனியெஸ்டாவை இழுத்தார். இரண்டாவது மஞ்சள், சிவப்பு. இறுதி ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட ஐந்தாவது வீரர் அவர். அவருக்கு முந்தையவர் 2006இல் ஜிடான். நெதர்லாந்து பத்துப் பேராக நின்று பெனால்டி ஷூட் அவுட்டை எதிர்பார்த்தது. 115ஆவது நிமிடத்தில் ஸ்னைடரின் ஃப்ரீ கிக் ஸ்பெயின் தடுப்புச் சுவரில் உரசி வெளியே போனது. கார்னர் தந்திருக்க வேண்டும். வெப் கோல் கிக் என்றார். அடுத்த நிமிடமே பந்து மறுமுனையில். ஸ்பெயினின் டோரஸ் கொடுத்த கிராஸ் வெட்டப்பட்டு, சக வீரர் ஃபாப்ரெகாஸ் காலுக்கு வர, அவர் வலப்பக்கம் இனியெஸ்டாவுக்குத் தள்ளினார். ஹைடிங்கா இல்லாத கடைசி வரிசையில், தாக்குதலுக்காகவே பழகிய வான் டெர் வார்ட் சறுக்கியபடி காலை நீட்டினார். எட்டவில்லை. 116ஆவது நிமிடம், 1-0.

இனியெஸ்டா சட்டையைக் கழற்றி ஓடினார். உள்ளே அணிந்திருந்த பனியனில், முந்தைய ஆண்டு ஆகஸ்டில் திடீரென இறந்துபோன எஸ்பன்யோல் கிளப் கேப்டன் டானி ஹார்கேயின் பெயர். பார்சிலோனாவின் பரம எதிரி கிளப்பின் வீரர் அவர். சட்டையைக் கழற்றியதற்கு இனியெஸ்டாவுக்கும் விதிப்படி மஞ்சள் அட்டை. அந்த இரவின் அட்டைகளிலேயே பெருமையோடு வாங்கப்பட்டது அது ஒன்றுதான். கார்னரைக் கேட்டுக் கத்திய நெதர்லாந்தின் மத்தைசனுக்கும் ஒன்று.

மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள், 47 ஃபவுல்கள், அவற்றில் 28 நெதர்லாந்தின் கணக்கில்.

வெப் ஆட்டத்தைக் கெடுத்தார் என்று இரு நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. நான் உடன்படமாட்டேன். அவர் தவறிய இடங்கள் உண்டு, அதில் பெரியது நெதர்லாந்துக்குச் சாதகமானது. அந்த 28ஆவது நிமிடத்தில் சிவப்பு காட்டியிருந்தால் டச்சு ரசிகர்கள் இன்றுவரை அவரைச் சபித்துக்கொண்டிருப்பார்கள். வீடியோ நடுவர் முறை உலகக் கோப்பைக்கு வந்தது 2018இல்தான். 2010இல் இரண்டு கண்களும் ஒரு விசிலும் மட்டுமே வெப்பிடம் இருந்தன. ஒவ்வொரு மோதலிலும் ஆட்டத்தை அவர் காப்பாற்றப் பார்த்தார், வீரர்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மிகக் கடுமையாகப் பேசியவர் கிராய்ஃப். தன் நாட்டு அணி ஆடியதைக் கால்பந்துக்கே எதிரானது என்று சொன்னார். ஆனால் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் படகில் வந்த அணியை லட்சக்கணக்கானோர் கரைகளில் கூடி வரவேற்றார்கள். இருவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கிராய்ஃப் சொன்னதே சரி. நான்கு ஆண்டுகள் கழித்து 2014இல் பிரேசிலின் சால்வடார் நகரில் இதே இரு அணிகள் மோதியபோது, வான் பெர்சி, ராபன், ஸ்னைடர், டி யோங் எல்லோரும் இருந்த நெதர்லாந்து 5-1 என்று ஸ்பெயினை நொறுக்கியது. கால்பந்து ஆடியே வென்றது. ஜோஹன்னஸ்பர்கிலும் அதை முயன்றிருக்க முடியும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டத்தின் சுருக்கக் காட்சிகளைப் பார்க்காதீர்கள். அதில் அந்த ஒற்றை உதையும் ஒற்றைக் கோலும்தான் இருக்கும். 120 நிமிடத்தையும் பாருங்கள். திருப்பித் தரப்பட்ட அந்தக் கார்னரையும், விழாமல் ஓடிய ராபனையும் தவறவிடாதீர்கள்.