குறுவாள் பிடியில் எந்தத் தந்தம்?

சவ்வாது மலையின் ஒரு புறம் ஆலங்காயம், மறுபுறம் செங்கம். இந்த வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் வில்லும் குறுவாளும் ஏந்திய வீரர்கள் நிற்கிறார்கள். கல்லில் குறுவாளின் வடிவம் தெரிகிறது; பிடி மரமா, கொம்பா, தந்தமா என்பது தெரிவதில்லை. அதற்கு விடை, எஞ்சியிருக்கும் பழைய ஆயுதங்களில்தான் கிடைக்கும்.

அங்கும் சிக்கல் உண்டு. வெளுத்து வழவழப்பாக இருந்தால் 'யானைத்தந்தப் பிடி' என்று எழுதிவிடும் பழக்கம் வலுவானது. ஆனால் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) தம் நினைவுக் குறிப்புகளில் கொண்டாடுவது 'மீன் பல்' பிடிகளை. பூரண், கல்யாண் என்ற செதுக்குக் கலைஞர்கள் அவருக்காகக் குறுவாள் பிடிகள் செய்தார்கள். அந்த 'மீன்', வடதுருவக் கடலில் வாழும் வால்ரஸ். அதன் கோரைப்பல்லின் உட்பகுதி வேகவைத்த நொய்யரிசி போலத் திட்டுத்திட்டாக இருக்கும். யானைத்தந்தத்தில் அந்தத் திட்டுகள் கிடையாது.

யானைத்தந்தத்தின் முத்திரை வேறு. குறுக்கே வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். 1800-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூறு அறிஞரின் பெயரால் அவை ஷ்ரேகர் கோடுகள் எனப்படுகின்றன. தந்தத்தின் வெளி விளிம்பை ஒட்டி அவை சந்திக்கும் கோணம் 115 பாகைக்கு மேல் இருந்தால் இன்றைய யானை. 90-க்குக் கீழ் இருந்தால் அழிந்துபோன மாமத். இடைப்பட்டவை இரண்டிலும் வரும் என்பதால் ஒரு கோணத்தை மட்டும் அளந்து முடிவு சொல்லக் கூடாது. பல கோணங்களின் சராசரி வேண்டும்.

பாடநூல் சொல்லும் இந்த விதியைக் கத்திப் பிடியில் அப்படியே பொருத்தினால் தவறு நேரும். பிடி பெரும்பாலும் தந்தத்தின் நீளவாக்கில் அறுக்கப்படுவது. அதன் பக்கங்களில் மெல்லிய அலைக்கோடுகள் மட்டுமே தெரியும். குறுக்குவெட்டு முகம் பிடியின் நுனியிலோ, அலகைத் தொடும் விளிம்பிலோதான் கிடைக்கும். அந்த இடத்தை வெள்ளிப் பூண் மூடியிருந்தால் கோணத்துக்கே வழியில்லை. அதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. தந்தத்தின் உள்மையத்தை நெருங்க நெருங்க யானையிலும் கோணம் குறுகிவிடும். உட்பகுதியில் கடைந்த பிடியை அளப்பவர், நம் நாட்டு யானையை மாமத் என்று முடிவு கட்ட வாய்ப்புண்டு. எனவே அளந்த இடம் தந்தத்தின் வெளிப்பகுதி என்று நிறுவப்படாத எந்தக் கோண அளவும் சான்றாகாது. பச்சைக் கறையும் ஏமாற்றும்: மாமத் தந்தத்தில் மண்ணிலிருந்து ஏறும் நீலப்பச்சை உண்டு, பழைய பிடியில் செப்பு ஆணி துருவேறிக் கசிந்ததும் பச்சைதான்.

எலும்பைப் பிரிப்பது எளிது. இரத்தநாளங்கள் ஓடிய நுண்துளைகள் அழுக்கேறிக் கரும்புள்ளிகளாகவும் சிறு கீறல்களாகவும் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். போலித் தந்தமான செல்லுலாய்டில் கோடுகள் இயந்திரம் போட்டதுபோல் இணையாக ஓடும், குறுக்கே வெட்டிக்கொள்ளா. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சந்தை வழக்கத்தை அடியோடு விட வேண்டும்: அது பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுக்கலாம், எந்த விலங்கு என்று சொல்லாது, அரும்பொருளில் ஆறாத வடுவை வைக்கும்.

யானைத்தந்தம் என்று உறுதியான பிறகும் எந்த யானை என்ற கேள்வி நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபார் வழியாக ஆப்பிரிக்கத் தந்தம் ஏராளமாகப் பம்பாயில் இறங்கியது. குடகின் பீச்சேகத்தியோ கண்டியின் பிஹா கெட்டா என்ற கத்தியோ, பிடி உள்ளூர் யானையுடையது என்பதற்குச் செய்த ஊர் மட்டும் சான்றாகாது. ஆசிய, ஆப்பிரிக்க இனங்களைக் கோடுகளால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. மரபணுச் சோதனை வேண்டும். இந்த வேறுபாடு சட்டத்திலும் தடம் பதித்திருக்கிறது: 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத்தந்த வணிகத்துக்குத் தடை போட்ட பின்னும், இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகம் 1991 திருத்தம் வரை தடைக்கு வெளியே இருந்தது.

அருங்காட்சியகப் பதிவேடு எழுதுவோர் 'யானைத்தந்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டாம். எந்த முகத்தைப் பார்த்தோம், எத்தனை கோணம் அளந்தோம் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். கோடு தெரியாத பிடிக்கு 'தந்தம், இனம் உறுதியாகவில்லை' என்றே பதியுங்கள்.