பாபிட்டோ கார்சியா: தெருவின் வரலாற்றை எழுதியவர்

பாபிட்டோ கார்சியா (பிறப்பு: 1966) நியூயார்க்கைச் சேர்ந்த வானொலித் தொகுப்பாளர், எழுத்தாளர், ஆவணப்பட இயக்குநர். போர்ட்டோ ரிக்கோவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து மான்ஹாட்டனில் வளர்ந்தவர். ஹிப்ஹாப், தெருக் கூடைப்பந்து, ஸ்னீக்கர் காலணி மூன்றும் அவர் வளர்ந்த தெருவில் தனித்தனியாக இருக்கவில்லை. பந்தாடிய திடலிலேயே பாட்டும் ஒலித்தது. காலில் என்ன ஷூ என்பதையும் அங்கேதான் உற்றுப் பார்த்தார்கள். இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டிய வரலாறாக அன்று அறிஞர்கள் பெரிதாக எண்ணவில்லை.

டெஃப் ஜாம் இசை நிறுவனத்தில் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் வேலையில் தொடங்கிய பாபிட்டோ, 1990இல் டி.ஜே. ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்குடன் இணைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். வியாழன்தோறும் நள்ளிரவு கடந்து 1 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை ஒலிபரப்பு. ஊரே உறங்கும் அந்த நேரம்தான் நிகழ்ச்சியின் பலம். விளம்பரதாரரின் தலையீடு இல்லை; எந்தப் பாட்டைப் போடுவது என்று மேலிருந்து யாரும் சொல்லவில்லை. இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைக்காத இளைஞர்கள் நேரே வந்து ஒலிவாங்கியின் முன் நின்றார்கள். நாஸ், நோட்டோரியஸ் பி.ஐ.ஜி., வூ-டாங் கிளான் எனப் பின்னாளில் உலகறிந்த பலர் அவ்வாறு வந்தவர்களே. 1995இல் பிக் எல், ஜே-ஸீ இருவரும் அங்கே மாறிமாறிப் பாடியது இன்றும் பேசப்படுகிறது. பிக் எல் 1999இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நேயர்கள் வீட்டில் கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொண்ட இத்தகைய இரவுகள் அதன்பின் ஆவணங்களாகிவிட்டன.

தமிழ்நாட்டில் பலர் 'ராப்' என்ற சொல்லைக் கேட்டதே 1994இல், 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலால்தான். நாஸின் முதல் தொகுப்பு வந்ததும் அதே ஆண்டு. நிகழ்ச்சி 1998இல் நின்றது.

காலணி பற்றிய அவர் நூல் 2003இல் வெளியானது. 1960 முதல் 1987 வரையிலான நியூயார்க் ஸ்னீக்கர் பண்பாடே அதன் பொருள். அந்த எல்லை கவனிக்கத்தக்கது. எந்த ஷூ சிறந்தது என்பதை நிறுவனங்களின் விளம்பரத்தை விடத் திடலில் ஆடியவர்களே தீர்மானித்த காலம் அது. பின்னர் நிறுவனங்களே அவரைத் தேடி வந்தன. 2007இல் நைக்கி தன் 'ஏர் ஃபோர்ஸ் 1' காலணியை அவருடன் சேர்ந்து வடிவமைத்து வெளியிட்டது. தெருவின் ரசனை கடைச்சரக்கான கதையில் அவருக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒலக்கூருக்கு வடமேற்கே செய்யாற்றில் இன்று நைக்கி காலணிகள் தயாராகின்றன. அவற்றைத் தைப்பவர்களின் வரலாறு இவ்வகை நூல்களுக்குள் வருவதில்லை.

கெவின் கூலியோவுடன் அவர் இயக்கிய தெருக் கூடைப்பந்து ஆவணப்படம் 2012இல் வந்தது. அதற்காக இருவரும் நகரின் ஐந்து பகுதிகளிலும் சுமார் 180 திடல்களுக்குப் பெரும்பாலும் சைக்கிளிலேயே சென்றனர். படம் எடுத்ததோடு, போன இடங்களில் ஆடவும் செய்தனர்.