சாய்மனைக் கதிரைக்கு இடமில்லாத வீடு

எங்களில் ஒருத்தியின் வீடு பம்பலப்பிட்டியில், ஏழாம் மாடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டை விற்றுவிட்டு அவளின் அம்மம்மா கொழும்புக்கு வந்தபோது கூடவே வந்த ஒரே தளபாடம் ஒரு சாய்மனைக் கதிரை. கால் நீட்டிப் படுக்கக் கைப்பிடிகளை வெளியே இழுத்துவிடலாமே, அந்த வகை. லிஃப்டுக்குள் அது போகேல்ல. நாங்கள் நாலு பேர் படியால தூக்கிக்கொண்டு போனோம். ஹோலில் வைத்தால் ரீவியை மறைக்குது, அறைக்குள் வைத்தால் அலுமாரி திறபடாது. கடைசியில் பல்கனிதான் அதற்கு வாய்த்தது. பிரம்புப் பின்னல் நடுவில் கிழிந்திருந்தது. இதை இப்ப ஆர் பின்னுவினம் என்று அம்மா கேட்டா. ஒருத்தருக்கும் தெரியேல்ல.

கொஞ்ச நாளில் கொழும்பில் ஒரு கடையில் கிட்டத்தட்ட அதே கதிரையைக் கண்டோம். நல்லா மெருகேற்றி, கைத்தறி மெத்தை போட்டு, மேலே ஒரு மஞ்சள் விளக்கும் எரியுது. எங்களில் ஒருவன் விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகப் பழையபடி வைத்தான். ‘இலங்கைப் பாணி’ என்று இப்போது எல்லோரும் சொல்லும் அந்த அழகு, பழைய கைவினையையும் புதிய வடிவமைப்பையும் கலந்த அந்த வீட்டலங்காரம், உண்மையில் யாருடைய பாணி? இந்தக் கட்டுரை அந்தக் கடை வாசலில் தொடங்கின சண்டைதான்.

முதல் சொற்களைப் பாருங்கோ. தமிழ்நாட்டார் நாற்காலி என்பதை நாங்கள் கதிரை என்கிறோம். அது போர்த்துக்கேயச் சொல். மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி எல்லாமே அந்த வழியால் வந்தவை. லாச்சி ஒல்லாந்தருடையது, தச்சுவேலை செய்பவரை ‘பாஸ்’ என்று கூப்பிடுகிறோமே, அதுவும் ஒல்லாந்துச் சொல்தான். பாயும் கட்டிலும் மட்டும் எங்கட சொந்தம். அதாவது எங்கட வீட்டுக்குள் இருக்கும் தளபாடத்தில் பாதி கடலால் வந்திறங்கியது. ஆனால் வந்தது பெயரும் தேவையும்தான். மரத்தைச் செதுக்கின கை இங்கே இருந்தது.

இதற்கு ஒரு பகிடியான சாட்சி உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் ஐரோப்பியர்களுக்காகக் கருங்காலியில் கதிரைகள் செய்தார்கள். முறுக்குக் கால், முதுகு முழுக்கப் பூவும் கொடியும். அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றைத் தேடி வாங்கித் தன் வீட்டில் வைத்தார். அவை ஆங்கிலேய டியூடர் காலத்துக் கதிரைகள் என்று அவர் நம்பியிருந்தார்! எங்கட பக்கத்துத் தச்சர்களின் வேலை, ஆங்கிலேயப் பழம்பெருமையாக ஒரு மாளிகையில் இருந்திருக்கிறது. கடையில் பார்த்த கதிரையோடு எங்களுக்கு வந்த குழப்பம் புதிசில்லை என்று இதை வாசித்தபோதுதான் தெரிந்தது.

இலங்கைக் கைவினையைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதப்பட்ட பெரிய நூல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, 1908இல் வெளிவந்தது. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். கனிமவள ஆய்வுக்காக நாடு முழுக்கத் திரிந்தவருக்குக் கல்லைவிடக் கம்மாளரும் நெசவாளரும் அதிகம் கண்ணில் பட்டார்கள். இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் வைத்திருந்த அச்சுப்பொறியிலேயே அந்தப் புத்தகத்தை அச்சடித்தார். இயந்திரம் செய்யும் மலிவுச் சாமான்களை எதிர்த்துக் கைவேலையின் பக்கம் நின்றவர் மொறிஸ். கண்டிச் சிங்களக் கம்மாளரைப் பற்றி, கொள்ளுப்பிட்டியில் பிறந்த பாதித் தமிழர், ஆங்கிலேயச் சோசலிசவாதியின் அச்சுப்பொறியில். இதற்கு மேல் என்ன கலப்பு வேணும்?

குமாரசுவாமி எழுதி வைத்தார். வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மினெட் டி சில்வா. 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் அவர். கண்டியில் 1951இல் முடிந்த கருணாரத்ன வீட்டில் கொங்கிறீற்றும் உண்டு, தும்பறைப் பாய் நெசவும் உண்டு, அரக்கு வேலையும் சுட்ட களிமண் ஓட்டு உருவங்களும் உண்டு. கைவினையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல், நாளாந்தம் தொட்டுத் திறக்கிற கதவுக்குள் வைப்பதுதான் அவரின் யோசனை. (தும்பறைப் பாய் நெசவை 2021இல்தான் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.) இன்றைக்கு எல்லோரும் ஜெப்ரி பாவா, பாவா என்கிறார்கள். மினெட்டின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆனால் பாவாவின் கதையில்தான் எங்கட அயல் வருகிறது. பம்பலப்பிட்டியில் இருந்து காலி வீதியால் வடக்கே நடந்தால் பகதலே வீதி. அங்கே 33ஆம் ஒழுங்கையில் 1958 தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாக நாலு சின்ன வீடுகளை வாங்கி, ஒரே வீடாக இணைத்தார். அந்த வீட்டுக்குள் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்காக 1962இல் முடித்த வீடு நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. சிங்களத்தில் ‘மெத மிதுல’ என்கிறார்கள். அம்மம்மாவிடம் படத்தைக் காட்டினோம். “இது நாற்சார் வீடெல்லோ” எண்டா.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு தட்டுப்பாடும் இருந்தது. அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. வெளிநாட்டுக் கண்ணாடியும் இரும்பும் துணியும் நினைத்தபடி கிடைக்காது. அதனால் கருங்கல், ஓடு, உள்ளூர் மரம், கைத்தறி. ஈனா, லக்கி சேனாநாயக்கவோடு சேர்ந்து பத்திக் செய்யத் தொடங்கினார். அதுவும் சாவகத்துக் கலைதான். 1969இல் முடிந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் கூரைக்கு அவரின் பத்திக்கைத்தான் விரித்தார்கள். பார்பரா சன்சோனி ஒரு கன்னியாஸ்திரி கேட்டதற்காகப் பெண்களின் நெசவுக்கு வடிவம் வரையத் தொடங்கி, 1964இல் பெயர்ஃபுட்டை உருவாக்கினார். இன்றைக்கு வசதியானவர்களின் ரசனையாகத் தெரிவது, தொடக்கத்தில் கிடைத்ததை வைத்துச் சமாளித்ததும்தான்.

பாவாவோடு ஏறத்தாழ இருபது வருஷம் பங்காளியாக இருந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். படங்களில் பாவா, கணக்கில் பூலோகசுந்தரம். அவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரையைத் தேடினோம், எங்கட கையில் ஒன்றும் அகப்படவில்லை. பாவாவிடம் வேலை பழகிய சி. அஞ்சலேந்திரன் பிறகு தன் வீட்டு விறாந்தையிலேயே நாலைந்து இளைஞர்களை வைத்துக்கொண்டு முக்கியமான கட்டடங்களை வரைந்தார். இவர்களை ஏன் சொல்கிறோம் என்றால், ‘அது சிங்கள மேல்தட்டின் பாணி, எங்களுக்கு என்ன’ என்று எங்களுக்குள்ளேயே ஒருவன் சொன்னான். மேல்தட்டு என்பது சரி. மிச்சம் பிழை.

ஆனாலும் அவன் கோபத்தில் வேறொன்று இருந்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழ் வீடுகளை எரித்தபோது மேசையும் அலுமாரியும் அல்பமும் சேர்ந்துதான் எரிந்தன. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்டுப் போனது. திரும்பி வந்து பார்த்தவர்களில் பலருக்குச் சுவர்தான் மிச்சம்; கதவு, யன்னல், கூரை மரம் ஒன்றும் இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒருத்தருக்குப் பழைய கதிரையைக் கண்டால் பாணி பற்றிய யோசனை முதலில் வராது. இது ஆருடைய வீட்டில் இருந்தது என்றுதான் வரும். அன்றைக்குக் கடையில் அவன் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிற்கிற பெடியனுக்கு என்ன தெரியும்?

எங்கட பக்கமும் குறை இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது. பனையோலைப் பெட்டி, தொப்பி, கைப்பை எல்லாம் ‘கற்பகம்’ கடைகளில் வாங்கலாம். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வாங்குவார்கள். ஆனால் தும்பறைப் பாய் மினெட்டின் வீட்டுக்குள் நுழைந்ததைப்போல, பனை ஏன் எங்கட வீட்டுக் கட்டமைப்புக்குள் வரவில்லை? வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை ஒரு தலைமுறைக்கு மேல் கூரை தாங்கும். கறுப்பும் மண்நிறமுமாய் அதில் ஓடும் நார்க்கோடுகளைப் பார்த்தால் எந்த வடிவமைப்பாளருக்கும் கை துடிக்கும். கடகத்தின் பின்னல் ஒரு விளக்குக்கூடாக, அறைத்தட்டியாக ஆகலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நாங்கள் போன அநேகமான வீடுகளில் இருந்தது ஒரே மாதிரி இறக்குமதி சோபாதான். ஓடவேண்டி வந்தால் விட்டிட்டு ஓடக்கூடிய சாமான்தான் நல்லது என்று ஒரு அங்கிள் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

கடைசியில் மொரட்டுவையில் இருந்து ஒரு பாஸ் வந்தார். சிங்களத்தில்தான் கதைத்தார். சட்டத்தைச் சுற்றியிருந்த துளைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவி, மரம் நல்ல மரம், இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார். பிளாஸ்டிக் பின்னல் என்றால் இரண்டு நாள், பிரம்பு என்றால் சாமான் தேட வேணும், காசும் இரண்டு மடங்கு. அம்மா எங்களைப் பார்த்தா, நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். அம்மம்மா மட்டும் கிழிந்த இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு ஏறி இருந்துகொண்டு, பின்னலைப் பிறகு பாக்கலாம், முதல்ல கதிரையைக் கடல் பக்கம் திருப்பி விடுங்கோ எண்டா.