சைக்கிளும் உடன் வந்தது

1894ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னாலிருந்து ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். லாட்வியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண். கணவர் மேக்ஸ் தெருத்தெருவாகச் சாமான் விற்பவர். மூன்று சிறு குழந்தைகள். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பதுதான் ஆனியின் வேலை. கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டிருந்தார்.

பதினைந்து மாதத்தில் ஒரு பெண்ணால் உலகைச் சுற்ற முடியுமா என்று இரண்டு பணக்காரர்கள் பந்தயம் கட்டியதாக ஊருக்குச் சொல்லப்பட்டது. அது ஆனியே கட்டிவிட்ட கதையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சும்மா ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்கிற ஏழைப் பெண்ணுக்கு யார் காசு தருவார்கள்? பந்தயம் என்றால் செய்தி. செய்தி என்றால் விளம்பரம். லண்டன்டெரி என்ற ஊற்றுநீர் கம்பெனி 100 டாலர் கொடுத்தது. பதிலுக்கு அதன் பலகையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார். ஆனி லண்டன்டெரி ஆனது அப்படித்தான். யூதப் பெயர் மறைந்ததும் வழியில் அவருக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

முதலில் அவரிடம் இருந்தது 42 பவுண்டு எடையுள்ள கொலம்பியா பெண்கள் சைக்கிள். நீளப் பாவாடையோடு அதை மிதித்து, கோடை முழுவதையும் செலவழித்து, செப்டம்பரில்தான் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அங்கே அதைக் கைவிட்டு, அதில் பாதி எடையே உள்ள ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்குப் பாவாடை ஒத்துவராது. தொளதொளப்பான ப்ளூமர் கால்சட்டைக்கு வந்தார். பெண்ணுரிமைக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காகப் பேசப்பட்ட உடைப் பிரச்சினையை இங்கே ஒரு இரும்புக் கம்பி முடித்துவைத்தது.

பிறகு கப்பல். நவம்பரில் நியூயார்க்கிலிருந்து பிரான்ஸ். அங்கே பத்திரிகைகள் அவர் பெண்ணாகவே தெரியவில்லை என்று கேலி செய்தன. பாரிஸிலிருந்து மார்செய் வரை சைக்கிளிலும் ரயிலிலுமாகப் போய், 1895 ஜனவரியில் மறுபடி கப்பலேறினார். கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஜப்பான் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஏறி, மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ வந்துவிட்டார். சைக்கிளில் போகவில்லை, சைக்கிளோடு போனார் என்று அப்போதே நையாண்டி செய்தார்கள். உண்மைதான்.

ஆனால் அவருக்குப் பத்தாண்டு முன்னால், 1884இல், தாமஸ் ஸ்டீவன்ஸ் கிளம்பினார். ஆப்கானிஸ்தானில் வழி மறிக்கப்பட்டதும் திரும்பிப் போய்க் கப்பலில் கராச்சி வந்தார். கல்கத்தாவிலிருந்து ஹாங்காங்குக்கும் கப்பல்தான். ஆனியைவிடப் பல மடங்கு அதிகம் மிதித்தவர், மறுக்கவில்லை. ஆயினும் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று அவரைச் சொல்லும்போது கப்பல் கணக்கை யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஆனியோடு இருக்கும் வழக்கு வேறு. அமெரிக்கா திரும்பியதும் மேடையேறி, இந்தியாவில் ஜெர்மானிய அரச குடும்பத்தாரோடு புலி வேட்டையாடினேன் என்று சொன்னார். இந்தியாவுக்குள் அவர் பயணம் செய்யவே இல்லை. அவருடைய அண்ணன் தம்பி வழிக் கொள்ளுப்பேரன் பீட்டர் ஜூட்லின் 2007இல் எழுதிய புத்தகம் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் துணிச்சலை விற்க, நம் பக்கத்து நிலம் புலியும் ஆபத்துமாக அலங்கரிக்கப்பட வேண்டியிருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெண்களை வைத்து அமெரிக்காவில் டிக்கெட் விற்றிருக்க முடியாது.

பிரான்ஸில் தன்னை அநாதை என்றார், பெரும் பணக்காரி என்றார், மருத்துவ மாணவி என்றார். புலிக் கதையை என்னால் மன்னிக்க முடியவில்லை, இவற்றை முடிகிறது. பத்திரிகைகள் பெரும்பாலும் அவரை மிஸ் லண்டன்டெரி என்றே எழுதின. அவரும் திருத்தவில்லை. மூன்று குழந்தைகளின் தாய் என்று தெரிந்திருந்தால், எத்தனை மைல் மிதித்தாய் என்றா கேட்டிருப்பார்கள்?

1895 செப்டம்பரில், வழியில் பன்றிக் கூட்டத்தில் மோதி முறிந்த கையில் கட்டோடு சிகாகோவுக்குள் வந்தார். அங்கிருந்து பாஸ்டன், மேக்ஸும் குழந்தைகளும் இருந்த வீடு. அக்டோபரில் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் அவர் பயணக் கதை வந்தது. அதில் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது 'புதிய பெண்' என்று.